பிள்ளைகளைக் கொஞ்சம் படிக்க விடுங்களேன்

ஆங்கிலம் வரவில்லையே என்று புலம்பாத வீடு இன்று எங்கள் ஊரில் இல்லை. இன்ஜினியரிங் முடித்த பையன் இன்டர்வியூவில் வாயே திறக்கவில்லை என்று ஒரு வீட்டில் வருத்தம். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்க் கொட்டிய பணமெல்லாம் என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டில் கோபம். அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கிச் சென்னையில் கல்லூரி சேர்ந்த பெண், வகுப்பில் நடத்துவது புரியாமல் ராத்திரி போனில் அழுகிறாள் என்று அடுத்த தெருவில் கவலை. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை: இந்தப் பிள்ளை ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை முழுசாக எப்போதாவது படித்திருக்கிறதா?

பாடப் புத்தகத்தைச் சொல்லவில்லை. கைடைச் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராத, யாரும் கேள்வி கேட்காத, பிடித்துப்போனதால் மட்டுமே படித்த ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். அப்படி ஒன்றுகூட இல்லாமல் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ‘வொக்காபுலரி வீக்’ என்று பிள்ளையின் தலையிலேயே பழியைப் போடுகிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

நான் சாயங்காலங்களில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “மிஸ், கிராமர்கூடப் பரவாயில்ல. வேர்ட்ஸ்தான் தெரியல. டெய்லி அஞ்சு வேர்ட் குடுத்து ஒப்பிக்க வைங்க.” அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்கிறார்கள். பெற்றோருக்கும் அவர்கள் காலத்தில் அதைத்தான் செய்தார்கள்.

அந்த வேர்ட் நோட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பிரவுன் ஷீட் அட்டை போட்ட நூறு பக்க நோட்டு. பக்கத்துக்கு மூன்று பத்தியாக ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் ஆங்கிலப் பொருள், மூன்றாவதில் தமிழ்ப் பொருள். கீழே ஆசிரியரின் டிக், தேதி. எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். சொற்களை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால், டிக்‌ஷனரியில் முதல் பக்கத்திலிருந்து என்பார்கள். அபான்டன், அபேட், அப்டிகேட், அப்ஹார் என்று வரிசையாக இறங்கும். ஆகஸ்ட் மாதத்திலும் ‘ஏ’ எழுத்து முடிந்திருக்காது. ஒன்றுபோல ஒலிக்கிற சொற்களை ஒரே நாளில் கொடுத்தால் ஒன்று மற்றொன்றோடு குழம்பிப்போகும் என்பது பாடம் எடுத்த யாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். இருந்தும் வருடா வருடம் அதே நோட்டு, அதே சிவப்புக் கோடு, அதே டிக்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஐந்து சொல் என்றால் வருடத்துக்கு 1,825. பத்து வருடத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேல். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்து நன்றாகப் படித்த ஒருவருக்கே சுமார் 20,000 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லையும் அதன் வடிவங்களையும் சேர்த்து ஒன்றாக எண்ணுவது) தெரியும் என்று மொழி ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி நம் ப்ளஸ் டூ மாணவர்கள் அவர்களை எட்டிப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தார்களா? நோட்டில் ஏறியது எதுவும் நாக்கில் ஏறவில்லை. திங்கட்கிழமை ஒப்பித்ததை வெள்ளிக்கிழமை கேட்டால் பாதி போயிருக்கும். பரீட்சை முடிந்த மறுநாள் மீதியும் போய்விடும்.

போகாமல் தங்குவதுதான் இன்னும் வேதனை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் லீவ் லெட்டர் மாதிரி ஒன்று எழுதிக் கொண்டுவந்தான். அதில் ‘ஐ அபான்டன்ட் மை டிபன் பாக்ஸ் இன் த பஸ்’ என்று ஒரு வரி. பஸ்ஸில் டிபன் பாக்ஸை மறந்து விட்டுவிட்டு வந்ததைத்தான் அப்படிச் சொல்லியிருந்தான். நோட்டில் அபான்டன் என்றால் ‘விட்டுவிடு’ என்று போட்டிருக்கிறது; அவனும் டிபன் பாக்ஸை விட்டுவிட்டுத்தானே வந்தான்? அவன் மேல் என்ன தப்பு? குட்டிகளைப் போட்டுவிட்டுப் போன தாய்ப் பூனையின் கதையிலோ, மூழ்குகிற கப்பலை மாலுமிகள் கைவிட்டு இறங்கும் கதையிலோ அந்தச் சொல்லை அவன் ஒருமுறை சந்தித்திருந்தால், டிபன் பாக்ஸுக்கு அது வராது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் முந்நூறு பெயர் இருக்கும். அதனால் அந்த முந்நூறு பேரோடும் நமக்குப் பழக்கம் என்று ஆகிவிடுமா? ஒரு சொல்லைத் தெரியும் என்றால் அது எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது, எந்த இடத்தில் மரியாதை, எந்த இடத்தில் கோபம், பேச்சில் வருமா எழுத்தில் மட்டும் வருமா என்பதெல்லாம் சேர்த்துத்தான் தெரிய வேண்டும். அத்தனையையும் மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லாக அடைக்க முடியாது. வேறு வேறு பக்கங்களில், வேறு வேறு ஆட்களின் வாயில், வேறு வேறு சூழலில் அதை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துத் தங்கும் சொற்கள் சொற்பம். பலமுறை பார்த்தால் ஒப்பிக்காமலே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பலமுறை எங்கே கிடைக்கும்? வாசிப்பில்தான் கிடைக்கும். வேறு எங்கிருந்தும் அத்தனை மலிவாகக் கிடைக்காது.

வாசிப்பு என்று சொன்னதும் நம் ஊரில் தயாராக ஒரு அறிவுரை உண்டு: “டெய்லி ஹிந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வந்துரும்.” மாமா சொல்வார், பேங்க் மேனேஜர் சொல்வார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சொல்வார். 1878-லிருந்து வரும் அந்தப் பத்திரிகைமேல் எனக்கு மரியாதைதான். ஏற்கெனவே ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல பழக்கம் இல்லை. ஆனால் ‘டேக்’ என்றால் ‘எடு’ என்பதைத் தாண்டி எதுவும் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் தலையங்கப் பக்கத்தைக் கொடுப்பது என்ன நியாயம்? பேனாவை வைத்துத் தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொல்கிறார்கள். முதல் பத்தியிலேயே இருபது அடிக்கோடு. டிக்‌ஷனரி பார்த்து எழுதி முடிப்பதற்குள் கட்டுரை எதைப் பற்றியது என்பதே மறந்துபோகிறது. நாலாவது நாள் பேப்பர் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும்.

நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இந்தச் சொல் விஷயத்தையே ஆராய்ந்தவர். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்து படிக்க வேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அவருடைய கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல். செய்தித்தாளையும் நாவலையும் அந்த நிலையில் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2006-இல் அவர் எழுதினார். நம் பிள்ளைக்கு ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ தெரியும். அந்தப் பிள்ளையை நேரே தலையங்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். முதல் படியையே காட்டாமல் மாடிக்கு வா என்று கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

அந்த முதல் படி எது என்று நம் முன்னோர் யோசிக்காமல் இல்லை. ‘நான்-டீடெய்ல்’ என்று ஒரு புத்தகம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பாடப் புத்தகத்தை வரி வரியாக நடத்துவார்கள். நான்-டீடெய்லை வேகமாக, கதைக்காக, சுகமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் அதை வைத்ததன் நோக்கம். இந்த யோசனைக்கு வலுவாக அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம் நாட்டிலேயே வேலை பார்த்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அன்றைய வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். பாதியில் படிப்பை நிறுத்திவிடும் பையன்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தால் நின்றுபோன பிறகும் கைகொடுக்கும் என்று யோசித்தார். படிக்கத் தெரிந்தால் அது போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும் என்ற முடிவுக்கு வந்தார். 1926-இல் அதைப் பெரிய அறிக்கையாகவே எழுதினார். எளிய சொற்களில், புதுச் சொற்கள் விட்டு விட்டு வரும்படியாகக் கதைப் புத்தகங்களை எழுதிக் கொடுத்தார். 1953-இல் அவர் வெளியிட்ட, சுமார் இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களின் பட்டியலைப் பற்றி இன்றும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பட்டியலும்கூட ஒப்பிப்பதற்காகப் போட்டதல்ல. பிள்ளைகள் படிக்க எளிய புத்தகம் எழுதுகிறவர்களுக்காகப் போட்டது.

அந்த நான்-டீடெய்லை இன்று என்ன செய்து வைத்திருக்கிறோம்? 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஆஷா நெஹேமையா எழுதிய ‘ஜிக்ஜாக்’ என்று ஒரு கதை இருக்கிறது. ஒரு டாக்டர் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் பறவை. பேசும் பேசும் என்று எல்லோரும் காத்திருக்க, அது குறட்டை விடுகிறது. வீட்டையே அல்லோலகல்லோலப் படுத்துகிறது. பத்து வயதுப் பிள்ளைகூட விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய கதை. என்னிடம் வரும் ஒரு பெண் அதன் பாராகிராஃபை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவாள். ஜம்பிள்ட் சென்டன்ஸில் எது முதல், எது கடைசி என்று கதவு எண் சொல்வதுபோலச் சொல்வாள். அந்தக் கதையில் உனக்குச் சிரிப்பு வந்த இடம் எது என்று கேட்டேன். “கதைய நான் படிக்கல மிஸ். கைடுல ஹின்ட்ஸ் இருக்கு, அதான் படிச்சேன்” என்றாள். கைக்குள் இருக்கும் புத்தகத்தில், சொந்த ஊர் பாஷையில் சொன்னால் அவளே தம்பிக்குச் சொல்லிச் சிரிக்கக்கூடிய ஒரு கதை கிடக்கிறது. ஐந்து மார்க்குக்குப் பயந்து அதைத் திறக்காமலே அவள் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போகப் போகிறாள்.

லைப்ரரி பீரியட் என்று ஒன்று டைம்டேபிளில் இருக்கும். பேப்பரில் மட்டும் இருக்கும். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். அவர் விட்டால் சயின்ஸ் ஆசிரியர் வாங்கிக்கொள்வார். யாருமே வராத வாரம் ரிவிஷன் டெஸ்ட் வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்டாஃப் ரூம் மூலையில் கண்ணாடி பீரோவில் அடுக்கி, பெயிண்ட்டில் நம்பர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், முதுகு ஒடியாமல் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டால், பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், ஆடிட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரு கதைப் புத்தகம் பிள்ளைகள் கைபட்டுப் பட்டுக் கிழிந்தால் அதைவிட அதற்கு என்ன பெருமை வேண்டும்? கிழியாத புத்தகத்தைக் காட்டி ஆடிட்டில் பாராட்டு வாங்கி யாருக்கு என்ன லாபம்?

நூலகத்துக்கென்று உலகமே மதிக்கும் விதிகளை வகுத்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்காகத்தான் என்பது. சுதந்திரம் கிடைத்த மறு வருடமே, 1948-இல், கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் காலத்தில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டப்படிதான் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. சிறுவர் பகுதியைப் பார்த்தால் கண் குளிர்கிறது. ஆனால் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் என் பிள்ளைகள் ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகத்தைத் தொட வேண்டுமா? எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மேஜை முழுக்க டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் இளைஞர்கள். பாவம், அவர்களுக்கும் வேறு இடமில்லை. சிறுவர் அலமாரியில் ஆங்கிலப் புத்தகம் கேட்டால் நூலகர் கையை விரிக்கிறார். நாம் கட்டும் வரியில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஓர் அலமாரி ஒதுக்க முடியாதா?

புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் ஃபிஜியைப் பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காகப் பாரதி கலங்கிப் பாடினானே, அதே ஃபிஜித் தீவுகள். 1980-இல் அங்கே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பன்னிரண்டில் ஒரு சோதனை நடந்தது. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்தினார்கள். எட்டுப் பள்ளிகளில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், வகுப்புக்கு சுமார் 250 கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார். சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் இருபது முப்பது நிமிடம் அவரவர் பாட்டுக்குச் சத்தமில்லாமல் படித்தார்கள். மற்ற நாலு பள்ளிகளில் பழையபடி இலக்கண வாக்கியங்களை ஒப்பிக்கும் பாடம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. அடுத்த வருடம் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட அந்தப் பலன் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டில் ஆங்கிலம் கிடையாது. அவர்களும் கிராமத்துப் பிள்ளைகள்தான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை கதைப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால், “பரீட்சைய வச்சுக்கிட்டு என்ன கதை வேண்டிக்கிடக்கு?” என்று ஒரு அதட்டல். போனை எடுத்து ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டிருந்தால் அவ்வளவு அதட்டல் இல்லை. சரி, படிக்கட்டும் என்று விடுகிறவர்களும் சும்மா விடுவதில்லை. “சத்தமா ரீடிங் விடு, நான் கேக்கணும்” என்கிறார்கள். ஒவ்வொரு உச்சரிப்பிலும் நிறுத்தித் திருத்துகிறார்கள். பக்கம் முடிந்ததும், “இதுல புதுசா என்ன வேர்ட் கத்துக்கிட்ட? எழுதிக் காட்டு” என்கிறார்கள். கதையில் நாய்க்குட்டி தொலைந்து போயிருக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்று பிள்ளைக்குப் பதைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஸ்பெல்லிங் கேட்டால் அதற்குப் புத்தகம் என்றாலே வெறுத்துப் போகாதா? தெரியாத சொல் ஒன்று வந்தால் வரட்டும். கதை போகிற போக்கில் அதுவே பொருள் சொல்லும். சொல்லாவிட்டால் அடுத்த கதையில் சொல்லும். நிஜமாகவே தடுக்கி விழவைக்கும் சொல்லுக்கு மட்டும் டிக்‌ஷனரியைத் திறந்தால் போதும்.

இன்னொரு கௌரவப் பிரச்சினையும் உண்டு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் கொஞ்சம் சின்னப் புத்தகமாகக் கொடுத்தேன். அவள் அம்மா மறுநாள் கிளம்பி வந்துவிட்டார். “என்ன மிஸ், எட்டாப்பு படிக்கிற பிள்ளைக்கு ரெண்டாப்பு புக்கக் குடுத்திருக்கீங்க?” அக்கா, அவளுக்குப் புரிகிற புத்தகம் அதுதான். புரிகிற புத்தகத்தைப் பத்துப் படித்தால்தான் அடுத்த புத்தகம் புரியும். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் என்று படிப்படியாக வரும் கதை வரிசை இருக்கிறது. அதில் முதல் நிலை நானூறு அடிப்படைச் சொற்களில் எழுதப்பட்டது. ஆறாவது நிலை இரண்டாயிரத்தைந்நூறு. வளர்ந்தவர்களே படிக்கும் வரிசை அது. எளிய புத்தகம் படிப்பதில் எந்த அவமானமும் இல்லை. புரியாத தடிப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குவதுதான் வீண்.

புத்தகத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் டியூஷன் ஃபீஸே மாதம் தள்ளித்தான் வருகிறது. ஆனால் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் பிரதம் புக்ஸ்காரர்கள் ஆயிரக்கணக்கான கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது; எளிதிலிருந்து கடினம் வரை நிலை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே போடுகிறது. சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் நேஷனல் புக் டிரஸ்டும் பிள்ளைகளுக்கென்றே குறைந்த விலையில் புத்தகம் போடுகின்றன. கொஞ்சம் தேறியதும் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ இருக்கிறது. 1935-இல் வந்தது. ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காத ஒரு பையனின் கதையைப் புரசைவாக்கத்தில் பிறந்த மனிதர் எழுதியது. நம் பிள்ளைக்கு அந்நியமாகவே இருக்காது. ரஸ்கின் பாண்டின் ‘த புளூ அம்ப்ரெல்லா’ இருக்கிறது. அமர் சித்ர கதா இருக்கிறது, டிங்கிள் இருக்கிறது. ‘அட்வான்ஸ்டு வொக்காபுலரி’ என்று அட்டை போட்ட ஐந்நூறு பக்கப் புத்தகம் வாங்கும் காசில் இவற்றில் சிலவற்றை வாங்கிவிடலாம்.

தமிழைத் தள்ளி வைத்துவிட்டு ஆங்கிலம் படிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவத்தில், தமிழில் கதைப் புத்தகம் படித்து வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்திலும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. தெரியாத சொல்லைத் தாண்டிக் கதையை விடாமல் பிடித்துப் போகும் பழக்கம் அதற்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. தமிழில் ஒரு புத்தகமும் படிக்காத பிள்ளைக்குத்தான் இரண்டு மொழியிலும் திணறல். தமிழில் படிக்காதே, இங்கிலீஷில் பேசு என்று வீட்டில் அதட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மீண்டும் ஒரு சின்னக் கணக்கு. மெதுவாகப் படிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு நூறு சொல் படிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் மூவாயிரம். வருடத்தில் முந்நூறு நாள் படித்தால் ஒன்பது லட்சம் சொற்கள் கண்முன் ஓடும். அடிப்படைச் சொல் ஒவ்வொன்றும் அதில் எத்தனை தடவை, எத்தனை விதத்தில் வந்துபோகும்! ‘டேக்’ என்ற சொல் மாத்திரையோடு வரும், பஸ்ஸோடு வரும், போட்டோவோடு வரும், அம்மாவையே உரித்து வைத்திருக்கும் மகளைச் சொல்லும்போதும் வரும். எந்த வேர்ட் நோட்டாலும் இதைத் தர முடியாது. கேட்பதெல்லாம் அரை மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் தள்ளும் பீரியடில், ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து சத்தமில்லாமல் ஆளுக்கொரு புத்தகம் படிக்கும் அரை மணி நேரம். அதற்குத் தேர்வு வைக்காதீர்கள். மார்க் போடாதீர்கள். யார் அதிகம் படித்தது என்று போட்டி வைத்துச் சர்டிஃபிகேட் கொடுக்காதீர்கள். விட்டுவிடுங்கள், அது போதும்.

எனக்குள்ள பெரிய ஆற்றாமை ஒன்றுதான். எங்கள் ஊரிலேயே புத்தகம் இருக்கிற வீடுகள் சில உண்டு. டாக்டர் வீடு, வக்கீல் வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சுலபமாக வருகிறது. அறிவு அதிகம் என்று ஊர் சொல்கிறது. என் டியூஷனில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி ஆபீஸ்காரர் மகளுக்கும் கொத்தனார் மகனுக்கும் அறிவில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு வீட்டில் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் இல்லாததைப் பள்ளிக்கூடம் கொடுத்தால்தான் அது பள்ளிக்கூடம். அதனால் கேட்கிறேன்: தலைமை ஆசிரியர்களே, பீரோ சாவியை லைப்ரரி பீரியடில் பிள்ளைகளிடம் கொடுங்கள், அந்தப் பீரியடை எந்தப் பாடத்துக்கும் தாரை வார்க்காதீர்கள். கல்வித் துறையில் இருப்பவர்களே, புத்தகம் கிழிந்தால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தை உத்தரவு போட்டு நீக்குங்கள். நூலகத் துறையே, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் எளிய ஆங்கிலக் கதைகளுக்கு ஓர் அலமாரி வையுங்கள். பெற்றோர்களே, ராத்திரி சாப்பிட்ட பிறகு டி.வி.யையும் போனையும் அணைத்து அரை மணி நேரம் பிள்ளையை அது பாட்டுக்குப் படிக்க விடுங்கள். இதில் எதற்கும் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டாம், கமிட்டி வேண்டாம். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம். இனியும் ஒரு வருடத்தை வேர்ட் நோட்டில் வீணடிக்க இந்தப் பிள்ளைகளிடம் காலம் இல்லை.